பத்தாம் எண் வீட்டின் விருந்துப் பூனைகள்

லண்டனில் டவுனிங் தெருவின் பத்தாம் எண் வீட்டைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அதில் குடியிருந்த மனிதர்களைப் பற்றியே பெரிதும் பேசுகின்றன. மனிதர்களோ அவ்வீட்டிற்கு வந்து போகிறவர்கள். தேர்தலில் தோற்றால் மறுநாளே மூட்டை கட்ட வேண்டியவர்கள். வீட்டோடு தங்கியவை பூனைகள்தாம். அரசாங்கக் கோப்பில் பெயர் ஏறிய பூனைகள், அமைச்சர்களின் பிள்ளைகள் கொண்டுவந்த பூனைகள், எதிரே உள்ள அமைச்சகத்திலிருந்து எல்லை தாண்டி வந்த பூனைகள் என்று ஏறத்தாழ நூறாண்டுக் கணக்கு நமக்குக் கிடைக்கிறது. ஏற்கெனவே ஒரு பூனை ஆளுகின்ற வீட்டுக்குள் இன்னொரு பூனை விருந்தாக நுழைந்தால் என்ன நிகழும் என்பதை அறிய விரும்புவோர்க்கு, இவ்வளவு குறிப்பெழுதி வைக்கப்பட்ட வீடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் வெளியூர்ப் பயணத்தின் பொருட்டுத் தம் பூனையை இருபத்தைந்து நாள்களுக்கு எங்களிடம் ஒப்படைத்தார். செம்பழுப்பு நிறப் பெட்டைப் பூனை. ஒரு வயது இருக்கும். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பூனைகள்: சாம்பல் நிறத் தாயும் அதன் கடுவன் பிள்ளையும். "பூனைதானே, இரண்டு நாளில் பழகிக்கொள்ளும்" என்று நண்பர் சொன்னார். நாங்களும் நம்பினோம். கூடையை நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தோம். அடுத்த அரை நிமிடத்தில் நடந்ததை எங்களால் வரிசையாகச் சொல்ல இயலாது. அது முடிந்தபோது விருந்தாளி பரணில் இருந்தது; கடுவன் கட்டிலுக்கடியில் இருந்தது; தாய்ப் பூனை சன்னல் வழியே வெளியேறியிருந்தது. வெளியேறிய பூனை அன்றிரவு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. தட்டில் மீனை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த அந்த நாள்களில்தான், விருந்தாளியை வரவேற்ற ஆர்வத்தில் வீட்டுக்காரியை நாங்களே துரத்திவிட்டோம் என்பது எங்களுக்கு உறைத்தது.

நிற்க. டவுனிங் தெருவுக்குத் திரும்புவோம்.

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பூனைக் கணக்கு 1929 ஜூன் மாதம் தொடங்குகிறது. உள்துறை அமைச்சகத்தில் பீட்டர் என்றொரு கறுப்புப் பூனை இருந்தது. அலுவலர்கள் ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் இறைச்சியும் போட்டு வளர்த்ததால் அது எலி பிடிப்பதை மறந்துவிட்டது. ஆகவே கண்டவர்கள் உணவிடுவதை நிறுத்தி, முறையான படி வழங்க வேண்டும் என்று கருவூலத்திடம் அனுமதி கேட்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு பென்னி ஒதுக்கப்பட்டது. 1932-இல் அது வாரத்துக்கு ஒன்றரை ஷில்லிங்காக உயர்ந்தது. உலகின் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்த ஓர் அரசாங்கம் ஒரு பென்னிக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை எண்ணிச் சிரிக்கலாம். ஆயினும் 2005-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அக்கோப்பு பூனைகளின் வரலாற்றில் ஒரு செல்வம். பீட்டருக்குப் பின் இரண்டாம் பீட்டர் (1947-இல் வண்டியில் அடிபட்டு இறந்தது), மூன்றாம் பீட்டர், 1964-இல் மான் தீவிலிருந்து அன்பளிப்பாக வந்த வாலில்லாத பீட்டா என்று வம்சாவளி நீள்கிறது. இவற்றுள் ஒன்றுகூட முந்தைய பூனை உயிரோடும் பணியோடும் இருக்கையில் அதன்மேல் கொண்டுவந்து திணிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஒன்று போன பின் மற்றொன்று. அதிகாரிகள் தெரிந்து செய்தார்களோ செலவுக்கு அஞ்சிச் செய்தார்களோ, ஒரே உறையில் இரண்டு வாளை அவர்கள் செருகவில்லை.

அந்தத் தவற்றைச் செய்தவர்கள் அரசியல்வாதிகள்.

1940 மே 10 அன்று நெவில் சேம்பர்லேன் பதவி விலக, வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமரானார். சேம்பர்லேன் காலத்திலிருந்தே பத்தாம் எண் வீட்டில் ஒரு பூனை இருந்தது. 1938-ஆம் ஆண்டின் மியூனிக் உடன்படிக்கையைக் குத்திக்காட்டி அதற்கு 'மியூனிக் எலிபிடிப்பான்' என்று கேலிப்பெயர் இடப்பட்டிருந்தது. அப்பெயரை இட்டது சர்ச்சில் தரப்பு என்பார்கள். சர்ச்சில் கடற்படை அமைச்சராயிருந்தபோது அங்கே தம்மோடு சேர்த்துக்கொண்ட கறுப்புப் பூனை நெல்சன். ஒரு பெரிய நாயை அது கடற்படை அலுவலகத்திலிருந்து துரத்தியதைத் தாம் கண்டதாகவும், அந்த வீரத்துக்காகவே அதற்கு நெல்சன் என்று பெயரிட்டதாகவும் சர்ச்சில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேம்பர்லேன் உடனே வீட்டைக் காலி செய்யவில்லை. சர்ச்சில் அவசரப்படுத்தவும் இல்லை. தோற்றவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு மாதத்துக்கு மேல் கடற்படை இல்லத்திலேயே தங்கியிருந்து, ஜூன் நடுவில்தான் குடிபெயர்ந்தார். பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. மனிதருக்கு மனிதர் காட்டிய இந்தப் பண்பைப் பூனைகளுக்கு யாரும் காட்டியதாகத் தெரியவில்லை. நெல்சன் வந்தது, பழைய பூனையைத் துரத்தியது என்றே பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. கடற்படை இல்லத்துக்கும் டவுனிங் தெருவுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்தால் சில நிமிடம். பூனைக்கு அது வேற்று நாடு. துரத்தப்பட்ட பூனை எங்கேயும் ஓடிப்போகவில்லை என்பது கூடுதல் செய்தி. அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, 1943-இல் எதிரேயுள்ள வெளியுறவு அமைச்சகத்தில் இறந்தது. தன் வீட்டின் வாசலைத் தெருவுக்கு அப்பாலிருந்து பார்த்தபடி மூன்றாண்டுகள். சர்ச்சிலின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் நெல்சனைப் பற்றி நயமாக எழுதியிருக்கிறார்கள்: அது அவர் படுக்கையில் வெந்நீர்ப் பைக்குப் பதிலாய்க் கிடந்து போருக்குப் பணியாற்றிய கதை, விமானத் தாக்குதலின்போது அது அஞ்சியதற்கு அவர் கடிந்துகொண்ட கதை. வீடிழந்த பூனைக்கு அந்நூல்களில் ஓரிரு வரிகளே.

ஏன் இப்படி? இரண்டு நாய்கள் சந்தித்தால் சுற்றிச்சுற்றி மோந்து, ஒன்று தாழ்ந்து, மற்றொன்று நிமிர்ந்து, பத்து நிமிடத்தில் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. பூனைக்கு அது ஏன் வாய்க்கவில்லை?

விடை தேடப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னே போக வேண்டும். நாம் வளர்க்கும் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. அது தனியாக வேட்டையாடுவது. அதன் இரை எலி, பல்லி, சிறு பறவை. ஒரு வாய்க்கு ஓர் இரை. கூட்டமாகச் சேர்ந்து காட்டெருமையை வீழ்த்தும் ஓநாய்க்குப் பங்கிடத் தெரிந்தாக வேண்டும். சண்டைக்குப் பின் சமாதானமாகவும் தெரிந்தாக வேண்டும். எலி தின்கிற பிராணிக்குப் பங்காளி எதற்கு? ஆகவே சமாதானம் சொல்லும் சைகைகள் அதன் மொழியில் வளரவில்லை. விலகிப்போவதற்கான சைகைகளே வளர்ந்தன. பின்பு மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கல்லறையின் அருகே ஒரு பூனை முழுமையாகப் புதைக்கப்பட்டிருந்ததை ழான்-தெனி வீன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்டார்கள். அத்தீவில் இயற்கையாகப் பூனையினம் இல்லை. ஆகவே யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்தப் படகுப் பயணத்தை நினைத்துப் பார்க்கையில் முதல் விருந்துப் பூனை அதுதானோ என்று தோன்றுகிறது. மனிதனோடு சேர்ந்து வாழப் பூனை கற்றுக்கொண்டது. இன்னொரு பூனையோடு சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் அதற்கு மிகவும் பின்னரே வந்தது. அந்தப் பாடத்தில் அது இன்றும் அரைகுறை மாணவன்.

இதை முறையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர் பால் லைஹவுசன் (1916–1998) என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர். கொன்ராட் லோரன்ஸின் மரபில் வந்தவர். பூனை நடத்தை பற்றிய அவரது ஆய்வு நூல் 1956-இல் வெளிவந்தது. பூனை எல்லைக்காகச் சண்டையிடும் பிராணி என்பது அதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். லைஹவுசன் கண்டது வேறு: பூனைகள் சண்டையைத் தவிர்ப்பதற்கே பெரும்பொழுதைச் செலவிடுகின்றன. ஒரே பாதையை இரண்டு பூனைகள் பயன்படுத்தும். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. காலையில் ஒன்றுக்கு, மாலையில் மற்றொன்றுக்கு. பாதை கூடும் இடத்தில் ஒரு பூனை மற்றொன்றைக் கண்டால் உட்கார்ந்துவிடும்; எங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும்; மற்றது கடந்துபோன பின் எழுந்து நடக்கும். பாதையில் முதலில் கால்வைத்தது வலுவற்ற பூனையேயானாலும் வலுத்தது காத்திருப்பதுண்டு. அதாவது, அவற்றிடையே உள்ளது இடத்தைப் பங்கிடும் ஒழுங்கு அன்று. காலத்தைப் பங்கிடும் ஒழுங்கு. இரவில் சில வேளை அக்கம்பக்கத்துப் பூனைகள் ஓரிடத்தில் கூடி, நாலடி இடைவெளிவிட்டு, சண்டையோ சல்லாபமோ இன்றிச் சும்மா அமர்ந்திருப்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கூட்டத்தின் பொருள் என்ன என்பது குறித்து அறிஞர்கள் பலவாறு சொல்வர். நமக்கு அது ஒரு கிராமத்துத் திண்ணையை நினைவூட்டியது.

இந்தக் கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் எங்கள் நடுக்கூடத்துக் காட்சியை மீண்டும் பார்த்தால் தவறு எது என்பது விளங்கும். உட்கார்ந்து வேறெங்கோ பார்ப்பதற்கு நாங்கள் அவற்றுக்கு இடமும் தரவில்லை, நேரமும் தரவில்லை. விலகிச் செல்வதையே நாகரிகமாகக் கொண்ட மூன்று உயிர்களை முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டோம்.

1970-களில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் வாழ்ந்த பூனைகளை ஜேன் டார்ட்ஸ் ஆராய்ந்தார். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் மக்டொனால்டு பண்ணைப் பூனைகளைக் கவனித்தார். இவ்வாய்வுகளால் படம் சற்று மாறியது. உணவு நிறையக் கிடைக்குமிடத்தில் பெட்டைப் பூனைகள் கூடி வாழ்கின்றன. ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டவும் செய்கிறது. ஆனால் அக்கூட்டம் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்ற உறவுக் கூட்டம். வெளியிலிருந்து வரும் பெட்டைக்கு அங்கே வரவேற்பில்லை. கூட்டுக் குடும்பத்தின் அன்புக்கும் அதன் வாசலில் நிற்கும் அந்நியரின் நிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நம் நாவலாசிரியர்கள் நிறையவே எழுதியிருப்பதால் இதை விரிக்காமல் விடுகிறோம்.

உறவு எது, அந்நியம் எது என்பதைப் பூனை எவ்வாறு அறிகிறது? கண்ணால் அன்று, மூக்கால். இதற்கு எளிய சான்று உண்டு. ஒன்றாக வளர்ந்த இரு பூனைகளில் ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், வீட்டிலிருந்தது அதைப் பார்த்துச் சீறும். அதே முகம், அதே நடை. ஆனால் மருந்து வாடை. பூனையின் மேலண்ணத்தின் உள்ளே, சாதாரண மூக்குக்குப் புறம்பாக, வாசனையைப் பருகும் இன்னோர் உறுப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்குகளிடம் அவ்வுறுப்பை விவரித்த டென்மார்க் மருத்துவர் யாக்கப்ஸனின் பெயரால் அது வழங்குகிறது. பூனை எதையோ மோந்துவிட்டு வாயைச் சற்றே திறந்து முகஞ்சுளித்து நிற்குமே, அப்போது அது அருவருப்பு அடையவில்லை. அந்த உறுப்பால் படித்துக்கொண்டிருக்கிறது.

அது நாற்காலிக் காலிலும் கதவு விளிம்பிலும் நம் கணுக்காலிலும் கன்னத்தை உரசுவதை நாம் கொஞ்சல் என்று எண்ணுகிறோம். 1990-களில் பத்ரீக் பஜா என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் அந்தக் கன்னச் சுரப்பைப் பகுத்து ஐந்து பகுதிகளைக் கண்டார். அவற்றுள் மூன்றாவது, பொருள்களின்மேல் தடவப்படுவது: இவ்விடம் பழகிய இடம் என்று பூனை தனக்குத்தானே எழுதி வைக்கும் குறிப்பு. நான்காவது, நட்புக்குரிய உயிர்களின்மேல் தடவப்படுவது. மூன்றாவதின் செயற்கை வடிவம் 1996 முதல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் மின்செருகியில் பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். அது எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. நாம் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஆனால் பஜாவின் பகுப்பு நமக்கு உணர்த்தியது முக்கியமானது. வீடு என்று நாம் சொல்வது சுவரும் கூரையும். பூனைக்கு வீடு என்பது, முழங்கால் உயரத்தில் சுற்றிலும் தானே எழுதி, நாள்தோறும் புதுப்பித்து வைத்திருக்கும் ஒரு பிரதி. அந்நியப் பூனை ஒன்று வந்து அதன்மேல் எழுதத் தொடங்கினால் படிக்க முடியாமல் போவது விருந்தாளிக்கு மட்டுமன்று.

இலக்கிய வாசகர்களுக்கு இவ்விடத்தில் டோரிஸ் லெஸ்ஸிங் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1967-இல் வெளிவந்த அவரது பூனை நூல், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவரின் சில்லறைப் படைப்பு என்று ஒதுக்கத்தக்கதன்று. அவரது லண்டன் வீட்டில் சாம்பல் பூனை ஒன்று செல்லமாக ஆண்டுகொண்டிருக்க, கறுப்புப் பூனை ஒன்று பின்னால் வந்து சேர்கிறது. யார் எங்கே உறங்குவது என்பதிலிருந்து அவற்றிடையே மூளும் போட்டிகளை அவர் ஒரு குடும்ப நாவலின் நுட்பத்தோடு எழுதுகிறார். கறுப்புப் பூனை கடும் குடல்நோயில் வீழ்ந்தபோது நாள் கணக்கில் அருகிருந்து அதைப் பிழைக்க வைத்த பகுதி, நாம் படித்த நோய்க்கால எழுத்துகளில் சிறந்தவற்றுள் ஒன்று. லைஹவுசனின் நூல் ஆங்கிலத்தில் 1979-இல்தான் வந்தது. லெஸ்ஸிங் தம் கண்ணை மட்டுமே நம்பி எழுதியிருக்கிறார். ஆய்வாளர்கள் பின்னால் சொன்னவற்றோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஜப்பானியக் கவிஞர் தகாஷி ஹிராய்தேயின் 'விருந்துப் பூனை' நாவலையும் (2001) சிலர் குறிப்பிடக்கூடும். அழகான நூல். ஆனால் அதில் விருந்தாளி வரும் வீட்டில் வேறு பூனை இல்லை. ஆகவே நம் சிக்கலும் அதில் இல்லை.

இத்தனை அறிவும் அச்சேறிய பின்னரும் டவுனிங் தெரு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2007-இல் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் எடின்பரோவிலிருந்து சிபில் என்ற பூனையைக் கொண்டுவந்தார். அதற்குப் போட்டியாக அங்கே வேறு பூனை இல்லை. இருந்தும் அதற்கு லண்டன் பிடிக்கவில்லை என்றார்கள். 2009-இல் அது நண்பர் ஒருவர் வீட்டுக்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டே இறந்தது. 2011 பிப்ரவரி 15 அன்று பேட்டர்சீ காப்பகத்திலிருந்து லாரி வந்தது. அதற்கு முந்தைய மாதம் பத்தாம் எண் வீட்டின் வாசலில் எலி ஓடியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது.

லாரி தன் கன்னத்தால் அந்த வீட்டை எழுதி முடித்திருந்த வேளையில், 2012-இல், பக்கத்து வீட்டுக்கு வந்தது ஃப்ரேயா. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் குடும்பத்துப் பூனை. அதன் கதை தனியே எழுதத்தக்கது. சிறு வயதில் காணாமற்போய், ஏறத்தாழ மூன்றாண்டுகள் தெருவில் பிழைத்து, பிறகு கண்டுபிடிக்கப்பட்டுத் தன் குடும்பத்தோடு சேர்ந்த பூனை அது. குடும்பத்தோடு சேர்ந்தபோது அக்குடும்பம் பழைய வீட்டில் இல்லை. பத்தாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் உள்ளே கதவுகளால் இணைந்த வீடுகள். மனிதர் கண்ணுக்கு இரு முகவரிகள். பூனை மூக்குக்கு ஒரே வீடு. 2012 அக்டோபரில் இரண்டும் வாசலிலேயே கட்டிப்புரண்டன. காவலர் ஒருவர் விலக்க வேண்டியதாயிற்று. தெருவில் வளர்ந்த ஃப்ரேயா வலுத்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. லாரியைச் சோம்பேறி என்று கேலி செய்தன. அடுத்த ஆண்டுகளில் ஃப்ரேயா வீட்டில் தங்காமல் அலைந்ததை அவை வேடிக்கைச் செய்தியாகவே வெளியிட்டன. ஒருமுறை ஒன்றரை மைல் தொலைவில் வாக்ஸால் பகுதியில் அகப்பட்டது. 2014-இல் வண்டியில் அடிபட்டுப் பிழைத்தது. அவ்வாண்டு நவம்பரில் கெண்ட் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டது. சண்டையில் வென்ற பூனை வீட்டில் தோற்றது. இந்த வரிசையை ஒருசேர வைத்துப் பார்த்தால் வேடிக்கை குறைந்துவிடுகிறது. அலைச்சல் அதன் குணம் என்றார்கள். இருக்கலாம். எழுத இடமில்லாத பூனை அலையாமல் என்ன செய்யும் என்பதையும் கேட்டிருக்கலாம்.

2016 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் பாமர்ஸ்டன் வந்தது. லாரியின் வாசலுக்கு நேர் எதிரே. மியூனிக் எலிபிடிப்பான் அடைக்கலம் புகுந்த அதே கட்டடம். அந்தக் கோடையில் இரண்டுக்கும் நடந்த சண்டைகளில் லாரியின் காலும் பாமர்ஸ்டனின் காதும் காயப்பட்டன. ஜூலையில் பாமர்ஸ்டன் பத்தாம் எண் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட, ஊழியர்கள் தூக்கி வெளியே விட்டார்கள். அதே மாதம் டேவிட் கேமரன் பதவி விலகிப் போனார்; பூனை அவருக்குச் சொந்தமில்லை என்பதால் லாரி அங்கேயே இருந்தது. 2020-இல் பாமர்ஸ்டன் ஓய்வு பெற்று நாட்டுப்புறம் சென்றது. நான்காண்டுகளில் இரண்டும் நண்பர்களாயின என்று யாரும் எழுதவில்லை.

இரண்டு பூனைகளைப் பழக்குவதற்கு இன்று மருத்துவர்களும் காப்பகங்களும் கூறும் முறை, மேலே கண்ட அறிவிலிருந்து நேராகப் பிறந்தது. புதிய பூனை முதலில் ஒரு தனியறையில் கதவடைத்து வைக்கப்பட வேண்டும். அதற்குரிய தண்ணீர், உணவு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி எல்லாம் அந்த அறைக்குள்ளேயே. முகம் காண்பதற்கு முன் வாடை போக வேண்டும்: ஒன்றின் கன்னத்தில் துடைத்த துணியை மற்றதன் படுக்கையருகே வைப்பது, பிறகு அறைகளை மாற்றிவிடுவது, பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவிடுவது. துணியை மோந்து சீறினால் கதவைத் திறக்கும் காலம் வரவில்லை என்று பொருள். சீறாமல் உண்ணத் தொடங்கினால் விரலளவு இடைவெளி. பிறகு சில நிமிடச் சந்திப்பு. இது வாரக்கணக்கில் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார், காப்பகத்திலிருந்து பூனை எடுத்துச் சென்றவர்களிடம் விசாரித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் தொடக்கத்திலேயே பூனைச் சண்டையைக் கண்டிருந்தனர். முதற் சந்திப்பு பகையாக முடிந்த வீடுகளில் பின்னரும் சண்டை தொடர்வது அதிகமாயிருந்தது. முதல் அரை நிமிடத்துக்கு அவ்வளவு விலை.

கதவடைப்பதற்கு உடல்நலக் காரணமும் உண்டு. பூனைகளைத் தாக்கும் ரத்தப்புற்று நச்சுயிரியைக் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் 1964-இல் கண்டார். நோய்த்தடுப்பாற்றலைக் குலைக்கும் நச்சுயிரியைக் கலிபோர்னியாவில் நீல்ஸ் பீடர்சனின் குழு 1986-இல் கண்டது. முன்னது எச்சிலாலும் பொதுத் தட்டாலும், பின்னது பெரும்பாலும் கடியாலும் பரவுவது. தடுப்பூசிச் சான்றைக் கேட்பது நண்பரை அவமதிப்பதாகாது.

இம்முறையெல்லாம் நிலையாகத் தங்க வரும் பூனைக்கு. சில வாரங்களில் திரும்பிப் போகவிருக்கும் விருந்தாளிக்கு? நம் கருத்தில், அறிமுகமே வேண்டாம். பழகி முடிப்பதற்குள் பயணம் முடிந்துவிடும்; பழக்கும் தொல்லையை மட்டும் இரு தரப்பும் அனுபவித்திருக்கும். தனியறை, மூடிய கதவு, நாளில் இரண்டு மூன்று முறை ஆள் போய் உட்கார்ந்து வருதல், இவை போதும். விருந்தாளியைச் சிறை வைப்பதா என்று நம் விருந்தோம்பல் மனம் துணுக்குறும். அந்தக் கூச்சம் மனிதனுடையது. அந்நிய வாடை நிறைந்த பெரிய கூடத்தைக் காட்டிலும், இரண்டே நாளில் தன் கன்னத்தால் எழுதி முடிக்கக்கூடிய சிற்றறை பூனைக்கு மேல்.

2024 ஜூலையில் கியர் ஸ்டார்மர் பிரதமரானபோது லாரிக்கு அவர் ஆறாவது பிரதமர். குடும்பத்தோடு ஜோஜோ என்ற பூனை வந்தது; பின்னர் பிரின்ஸ் என்ற சைபீரியக் குட்டியும் சேர்ந்தது. ஃப்ரேயாவின் கதை மீண்டும் நிகழும் என்று பத்திரிகைகள் காத்திருந்தன. குடியிருப்பின் ஒரே கதவு குண்டுவெடிப்பைத் தாங்கும் கதவு என்பதால் அதில் பூனை போய்வரத் துளையிட முடியவில்லை என்று ஸ்டார்மர் குறைபட்டுக்கொண்டார். பென்னிப் படி காலத்திலிருந்து அந்தத் தெருவில் பூனைகளுக்காக நடந்த காரியங்களுள் மிகச் சிறந்தது அந்தக் கதவு என்று நமக்குத் தோன்றுகிறது. அதைப் பொருத்தியவர்கள் பூனைகளை நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தாய்ப் பூனை ஐந்தாம் நாள் அதிகாலையில் வந்தது. இளைத்திருந்தது, ஒரு காதில் கிழிசல். கூடத்துக்கு வரவில்லை, சமையலறை வாசலில் நின்று உண்டுவிட்டு மாடிப்படியின் கீழ்ப் படுத்தது. அதற்குள் விருந்தாளியைப் பின்னறைக்கு மாற்றிக் கதவடைத்திருந்தோம். எஞ்சிய இருபது நாளும் அந்தக் கதவு அவ்வாறே இருந்தது. நண்பர் திரும்பி வந்து, "பழகிக்கொண்டனவா?" என்று கேட்டார். ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் கூடையைக் கொடுத்தோம். அவர் போன பின் பின்னறையைத் திறந்துவிட்டோம். அன்று முழுவதும் யாரும் அதற்குள் போகவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் தாய்ப் பூனை வாசற்படி வரை வந்து நின்றது. மணல் தட்டு இருந்த மூலையையும் அட்டைப்பெட்டியையும் நெடுநேரம் மோந்து, வாயைச் சற்றே திறந்து நின்றது. பிறகு கதவு நிலைக்குத் திரும்பி வந்து, ஒரு கன்னத்தை அதில் வைத்துக் கீழிருந்து மேலாக மெல்ல உரசியது, மறு கன்னத்தையும்.